அணையா அடுப்பும் ஒரு முழம் பூவும்

'எளிமையாக வாழ வேண்டும்' என்ற வார்த்தையை மறுத்துப் பேசுகிறவர்கள் யாராவது உண்டா, சகோதரிகளே? கோயில் பிரசங்கத்தில் கேட்டால் தலையாட்டுகிறோம். டி.வி.யில் யாராவது சொன்னால் அதற்கும் தலையாட்டுகிறோம். மாதக் கடைசியில் பர்ஸைத் திறந்து பார்க்கும்போது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளவும் செய்கிறோம். ஆனால், அந்த எளிமை யாருக்கு நல்லது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. என்னை யோசிக்க வைத்தவர் மகானோ, பண்டிதரோ அல்ல. எங்கள் தெருவுக்குப் பூக்கூடையோடு வரும் ஓர் அம்மா!

எங்கள் ஊர் கடலூர். அதிலும் திருப்பாதிரிப்புலியூர், ஊர்க்காரர்கள் வாயில் திருப்பாப்புலியூர். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் பெருமான், நமசிவாய என்று சொல்லியபடியே அந்தக் கல்லைத் தெப்பமாகக் கொண்டு கரையேறி, பாடலீஸ்வரரைப் பாடிய திருத்தலம். அவர் கரை சேர்ந்த இடத்துக்கு இன்றும் 'கரையேறவிட்டகுப்பம்' என்றுதான் பெயர். கையில் ஓர் உழவாரப் படையைத் தவிர உடைமை என்று எதையும் வைத்துக்கொள்ளாத அடியவர் அவர். திருப்புகலூரில் உழவாரப் பணி செய்தபோது பொன்னும் மணியும் தட்டுப்பட, அவற்றையும் கல்லைப் போலவே எடுத்துக் குளத்தில் எறிந்தார் என்கிறது பெரியபுராணம். அப்படிப்பட்டவர் கரையேறிய மண்ணில் இருந்துகொண்டு, எளிமையைப் பற்றி நான் பாடம் கற்க ஒரு வெள்ளம் வரவேண்டியிருந்தது.

மதகில் சிக்கிய பை

2004-ல் சுனாமி, 2011 டிசம்பரில் 'தானே' புயல், 2015 நவம்பரிலும் டிசம்பரிலும் பெருவெள்ளம்... கடலூர்க்காரர்களுக்கு இயற்கையின் கோபம் புதிதல்ல. 2015-ல் தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் தெருக்கோடி மதகைப் போய்ப் பார்த்தோம். கம்பி தெரியாமல் பிளாஸ்டிக் பைகள் சுற்றிக்கொண்டு கிடந்தன. தண்ணீர் போக வழியில்லாமல் தெருவுக்குள் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் தெருவில் ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருவர் இருக்கிறார். அவர் கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, "இதெல்லாம் யார் வீட்டுப் பை?" என்று கேட்டார். வகுப்பில் கேட்கிற மாதிரியே! யாரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு மட்டும் நெஞ்சு படபடத்தது. மேலாகத் தெரிந்த ஒரு பை, அந்தத் தீபாவளிக்கு நான் புடவை எடுத்த கடையின் பை. அது என் வீட்டிலிருந்துதான் போனதா, தெரியாது. போகவில்லை என்று சத்தியம் செய்யவும் முடியாது.

அந்த வாரமே டீச்சரம்மா வீட்டுத் தாழ்வாரத்தில் எட்டுப் பெண்கள் கூடினோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டு வந்து ஒரு மணி நேரம் உட்காருவது. சங்கம், மன்றம் என்று பெயரெல்லாம் வைக்கவில்லை. தலைவி, செயலாளர் கிடையாது. ஒரு தட்டு சுண்டல் உண்டு. அந்த வாரம் எதைக் குறைத்தோம், எது முடியவில்லை என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பிறகு டீச்சரம்மா நாயன்மார் கதை ஒன்றைச் சொல்வார். அதை வைத்துப் பேச்சு நடக்கும்.

சும்மா சொல்லக் கூடாது, எங்களிடம் நிறையவே மாறியது. கடைக்குப் போகும்போது துணிப்பை. இட்லி மாவு வாங்கத் தூக்கு. நவராத்திரிக்கு வெற்றிலைப் பாக்கோடு கொடுக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு முழுக்கு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை போட்டபோதும், 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் ஆரம்பித்தபோதும் எங்களுக்கு அது கஷ்டமாகவே தெரியவில்லை. 'நாங்கள்தான் முன்னாடியே ஆரம்பித்துவிட்டோமே!' என்று ஒரு பெருமை.

அந்தப் பெருமைதான் என்னை எங்கோ கொண்டுபோய் விட்டது.

"தப்பு ஏதாவது பண்ணிட்டேனாம்மா?"

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை. அந்த வாரம் சொல்வதற்கு என்னிடம் பெரிய விஷயம் இருந்தது. "நான் பூவை நிறுத்திவிட்டேன்" என்றேன்.

தினமும் 2 முழம் பூ, 20 ரூபாய். மாதத்துக்கு 600. சாயங்காலம் வாங்கிச் சாத்தினால் மறுநாள் காலையில் வாடிக் குப்பைக்கூடைக்குப் போகிறது. மாடியில் தொட்டியில் செம்பருத்தி இருக்கிறது, நந்தியாவட்டை இருக்கிறது. பக்தியோடு ஓர் இலையோ, பூவோ கொடுத்தாலே ஏற்றுக்கொள்வதாக கீதையில் பகவான் சொல்கிறார். அப்படியிருக்க, விலை கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டுமா?

எல்லோரும், 'ஆஹா, இது நமக்குத் தோன்றவில்லையே!' என்றார்கள். அடுத்த வாரத்துக்குள் எட்டு வீடும் பூவை நிறுத்தின.

பத்து நாள் கழித்து அந்தப் பூக்கார அம்மா என் வீட்டு வாசலில் நின்றார். கூடையைக் கீழே இறக்கவில்லை. "நான் தப்பு ஏதாவது பண்ணிட்டேனாம்மா? எட்டு வீடும் ஒண்ணா நிறுத்திட்டீங்களே... பூ சரியில்லையா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. சமாளித்துக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நாங்க எல்லாரும் எளிமையா வாழணும்னு முடிவு பண்ணியிருக்கோம்" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. "நல்லதும்மா. நாங்க எப்பவுமே அப்படித்தாம்மா இருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எட்டு வீடு, வீட்டுக்கு 20 ரூபாய். ஒரு நாளைக்கு 160 ரூபாய். நான் ஒருத்தி மட்டும் நிறுத்தியிருந்தால் அவர் சமாளித்திருப்பார். கூட்டமாகப் பேசி, கூட்டமாக நிறுத்திவிட்டோம். நாலு பேர் கூடினால் நல்லது நாலு மடங்காகும் என்பார்கள். தப்பும் அப்படியே பெருகும் என்பதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பதில் கிடைக்காத வெள்ளிக்கிழமை

அடுத்த கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். பெரிய விவாதமே நடந்தது.

"இப்படிப் பார்த்தால் எதையுமே குறைக்க முடியாதே! பிளாஸ்டிக் பை செய்கிறவனுக்கும்தானே பிழைப்பு போகிறது? அதற்காகத் திரும்பவும் பை வாங்குவோமா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

"சுவாமிக்குச் சாத்துகிற பூ எப்படி ஆடம்பரம் ஆகும்? நகையைக் குறைக்கத் தோன்றவில்லை, பூவைக் குறைக்கத் தோன்றியதா?" என்று ஒரு பாட்டி என்னைப் பார்த்துக் கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

"மிச்சமான 600 ரூபாயை அன்னதான உண்டியலில் போட்டுவிட்டால் போகிறது" என்றார் இன்னொருவர். "போட்டீர்களா?" என்று டீச்சரம்மா திருப்பிக் கேட்டார். ஒருவரும் போட்டிருக்கவில்லை. என் 600 ரூபாய் மிக்ஸி தவணையில் கரைந்துவிட்டிருந்தது!

கடைசியில் டீச்சரம்மா, "இதற்கு நம் தாழ்வாரத்தில் பதில் கிடைக்காது. வருகிற பூசத்துக்கு வடலூர் போய் வருவோம்" என்றார்.

வடலூரில்...

கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி வழியாக வடலூருக்கு பஸ். வள்ளலார் பெருமான் வாழ்ந்த பூமி. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ம் வருடம் அக்டோபர் 5-ம் தேதி அவதரித்தவர். கைக்குழந்தையாக இருந்தபோது பெற்றோர் சிதம்பரத்துக்குத் தூக்கிப் போக, அங்கே திரை விலகியதும் அந்த ரகசியம் தமக்குப் புலப்பட்டதைப் பின்னாளில் அவரே பாடியிருக்கிறார். சென்னையில் வளர்ந்தவர், 1858 வாக்கில் சிதம்பரம் வந்து, பிறகு கருங்குழியிலும் வடலூரிலும் மேட்டுக்குப்பத்திலுமாக வாழ்ந்தார். உடுத்தது வெள்ளைத் துணி. தலையிலும் அதே முக்காடு. 'என்னுடையது' என்று அவரிடம் வேறு என்ன இருந்தது?

தமக்கென்று இவ்வளவு குறைத்துக்கொண்ட அந்த மகான் ஊருக்கு என்ன வைத்துவிட்டுப் போனார்? தருமச்சாலையில் போய் நின்றால் கண்ணால் பார்க்கலாம். 1867-ம் வருடம் மே 23-ம் தேதி அவர் மூட்டிய அடுப்பு! அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பார்வதிபுரம் கிராமத்து மக்கள் கொடுத்த 80 காணி நிலத்தில் எழுந்தது தருமச்சாலை. என்ன ஜாதி, எந்த ஊர் என்று கேட்காமல், பசி என்று வந்தவருக்கெல்லாம் சோறு. நாங்கள் போன அன்றும் பந்தி நடந்துகொண்டிருந்தது. எங்கள் வரிசையில் ஒரு மூட்டை தூக்கும் பெரியவர், நாலு பள்ளிக்கூடப் பிள்ளைகள், கையில் கைக்குழந்தையோடு ஒரு பெண். நாங்களும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அந்தப் பந்தியில் எனக்கு ஒரு விஷயம் பளிச்சென்று பட்டது. நான் குறைத்தபோது இன்னொரு வீட்டில் உலை குறைந்தது. அவர் குறைத்தபோது ஊருக்கே உலை ஏறியது. இரண்டுக்கும் பெயர் எளிமைதானா? என்னுடையது வெறும் சிக்கனம். சிக்கனத்துக்கு நம் வீட்டு வாசல்படிதான் எல்லை. எளிமை அந்த வாசல்படியைத் தாண்டி, எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்கிறது.

வள்ளலாரின் உரைநடை நூல் 'ஜீவகாருண்ய ஒழுக்கம்'. அதில் குடும்பஸ்தர்களுக்கென்றே ஓர் இடம் வருகிறது. பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் பந்தலை அலங்கரிக்கிறோம், மேளம் வைக்கிறோம், ஊர்வலம் விடுகிறோம், விதவிதமாகச் சமைக்கிறோம். ஆனால், பசியோடு வந்த ஒருவரின் முகத்தைப் பார்க்க மட்டும் சம்மதிப்பதில்லை என்று அங்கே அவர் வருந்துகிறார். கவனித்தீர்களா? 'செலவு செய்யாதே' என்பதோடு அவர் நிறுத்தவில்லை. 'அந்தச் செலவில் பசித்தவருக்கு இடம் எங்கே?' என்று கேட்கிறார். எங்கள் வெள்ளிக்கிழமைப் பேச்சில் இத்தனை வருடமாக நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான்.

சங்கம், சாலை, சபை

சாப்பிட்டுவிட்டு சத்திய ஞான சபைக்குப் போனோம். தைப்பூசத்தன்று ஏழு திரைகளும் விலகி ஜோதி தரிசனம். மாதப் பூசத்தில் ஆறு திரைகள் விலகும். ஆடம்பரம் எதுவும் வேண்டாம், சத்தம் போடாமல் வழிபடுங்கள் என்று பெருமான் விதித்த இடம். சபையில் வைக்கப் பித்தளைக் குத்துவிளக்கு வேண்டாம், தகரக் கண்ணாடி விளக்கு போதும் என்று எழுதி வைத்தவர் அவர். நம் வீட்டில் பூஜைக்கு வெள்ளி விளக்கு இல்லையே என்று குறைப்படுகிறோம். அவரோ ஞான சபைக்கே தகர விளக்கு போதும் என்றார்!

சபை வாசலில் உட்கார்ந்திருந்தபோது டீச்சரம்மா மூன்று வருடங்களை வரிசையாகச் சொன்னார்.

1865-ல் சங்கம். சன்மார்க்க அன்பர்கள் கூடிப் பேசவும் விசாரிக்கவும்.

1867-ல் சாலை. பசித்தவருக்குச் சோறு போட.

1872-ல் சபை. ஜோதியை தரிசிக்க.

"இந்த வரிசையைப் பாருங்கள். பேச்சில் ஆரம்பித்தார். ஆனால், பேச்சிலிருந்து நேராக ஜோதிக்குப் போகவில்லை. நடுவில் அடுப்பு வைத்தார். நாம் என்ன செய்தோம்? சங்கம் வைத்தோம். நேராக, 'நாம் எளிமையானவர்கள்' என்று வெளிச்சம் போட்டுக்கொண்டோம். நடுவில் இருக்க வேண்டிய சாலையை விட்டுவிட்டோமே..." என்றார்.

யாரும் பேசவில்லை. மதகடியில் நின்ற அன்றைப் போலவே!

கூடிப் பேசுவதை அவர் குறைவாக நினைத்தவரும் அல்ல. 1873-ம் வருடம் அக்டோபர் மாதம் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றிவிட்டு அவர் செய்த பேருபதேசத்தில் திரும்பத் திரும்ப வருகிற வார்த்தை, 'விசாரம்'. இந்தக் காலத்தில் விசாரம் என்றால் கவலை என்று நினைக்கிறோம். அவர் சொன்னது, நான் யார், எனக்கு மேலே இருப்பது எது என்று ஆராய்ந்து கேட்பது. காலத்தை வீணாக்காமல் அந்த விசாரத்தில் இருங்கள் என்றார். அவர் காட்டிய பாதையில் சத்விசாரமும் பரோபகாரமும் ஜோடியாகவே வருகின்றன. பரோபகாரம் இல்லாத விசாரம் வெறும் பேச்சு. விசாரம் இல்லாத பரோபகாரம்? அதையும் சீக்கிரத்திலேயே செய்துகாட்டினோம்!

கைராட்டைக்காரர் வீட்டில் கேட்ட பதில்

திரும்பும்போது பஸ்ஸில் ஒருவர் வெறுத்துப்போய், "பேசாமல் இந்தக் கூட்டத்தையே விட்டுவிடலாம். பழையபடி வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு இருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை" என்றார்.

அதற்கு டீச்சரம்மா ஒரு கதை சொன்னார். ரிச்சர்ட் கிரெக் என்று ஓர் அமெரிக்கர். 1925-ல் இந்தியாவுக்கு வந்து காந்தி மகானோடு பழகியவர். அவர் ஒருமுறை காந்தியிடம், "மற்றதெல்லாம் விட்டுவிடுவேன். புத்தகங்களை மட்டும் விட முடியவில்லை" என்று மனம்விட்டுச் சொன்னார். உடனே 'விடத்தான் வேண்டும்' என்று காந்தி சொல்லியிருப்பார் என்றுதானே நினைப்போம்? இல்லை! அதனால் உன் மனத்துக்கு உதவி கிடைக்கிறவரை வைத்துக்கொள். தியாகம், கடமை என்று பல்லைக் கடித்துக்கொண்டு விட்டால் மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கும். வேறொன்றின் மீது ஆசை அவ்வளவு பெரிதாகி, இது தேவையில்லை என்று தோன்றும்போது விடு என்கிற பொருளில் பதில் சொன்னாராம். 1936-ல் மனமுவந்த எளிமையைப் பற்றி கிரெக் எழுதிய கட்டுரையில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

அந்தக் கருத்து கடல் தாண்டிப் போய் வேர் விட்டது. 1993-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் ஆரம்பித்த ஓர் அமைப்பு, எளிய வாழ்க்கையைப் பற்றி அக்கம்பக்கத்தாரும் ஆபீஸில் ஒன்றாக வேலை செய்கிறவர்களும் சிறு குழுக்களாக உட்கார்ந்து பேசுவதற்கென்றே பாடங்கள் தயாரித்தது. சாமான்கள் நிரம்பிய தேசத்தில், 'இவ்வளவு எதற்கு?' என்று பலரும் கூடிக் கேட்டிருக்கிறார்கள்.

"நாம் செய்தது தப்பில்லை. அரைகுறையாகச் செய்தோம், அதுதான் தப்பு. பூவை விட்டோம், 'நான் விட்டேன்' என்கிற பெருமையை விடவில்லை" என்று முடித்தார் டீச்சரம்மா. அது என்னைச் சொன்னதுதான். எனக்குத் தெரியும்.

பொன் ஓடு வேண்டாம்

வடலூரிலிருந்து வந்ததும் பரோபகாரம் செய்யக் கிளம்பிவிட்டோம். எட்டுப் பேரும் சேர்ந்து ஆயிரம் ரூபாய் போட்டு, ஒரு கவரில் வைத்து, பூக்கார அம்மாவிடம் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாதாமாதம் இதே மாதிரி கொடுப்பதாகவும் சொன்னேன்.

அவர் வாங்கவில்லை. "சும்மா காசு வேணாம்மா. வாங்கினா பூ வாங்குங்க. இல்லன்னா விடுங்க" என்றார்.

எனக்கு ஒரு பக்கம் அவமானம், ஒரு பக்கம் லேசான கோபம்கூட. நல்லது செய்யப் போனால் இப்படியா என்று! அந்தக் குழப்பத்தோடுதான் அடுத்த மாதம் சிதம்பரம் போனேன்.

நடராஜப் பெருமானை தரிசித்து, ரகசியமும் பார்த்தேன். திரை விலகினால் அங்கே திருமேனி இல்லை. ஆகாசம். வெட்டவெளியில் தொங்கும் பொன் வில்வ மாலை. உலகத்துக்கே சொந்தக்காரர் தம் சந்நிதியில் வைத்திருப்பது வெறும் வெளி! நம் வீட்டு அலமாரிகளில்தான் கை நுழைக்க இடமில்லை.

பிறகு இளமையாக்கினார் கோயிலுக்குப் போனோம். திருநீலகண்ட நாயனாரும் அவர் மனைவியும் முதுமை நீங்கி இளமை பெற்ற குளம் அங்கே இருக்கிறது. தில்லையில் மண்பாண்டம் செய்து வாழ்ந்த குயவர் அவர். சிவனடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுப்பதுதான் அவருடைய தொண்டு. சிவபெருமானே யோகியாக வந்து ஓர் ஓட்டைக் கொடுத்து, 'பத்திரமாக வைத்திரு' என்று சொல்லிப் போகிறார். திரும்பி வந்து கேட்கும்போது ஓடு இல்லை! 'வேறு நல்ல ஓடு தருகிறேன்' என்று நாயனார் கெஞ்சுகிறார். 'பொன்னாலேயே செய்து கொடுத்தாலும் வேண்டாம். நான் தந்த ஓடுதான் வேண்டும்' என்கிறார் யோகி.

எத்தனை முறை கேட்ட கதை! அன்றைக்குத்தான் எனக்கு வேறு மாதிரி காதில் விழுந்தது. நாங்கள் அந்த அம்மாவின் ஓட்டைத் தொலைத்தோம். அதற்குப் பதிலாக ஒரு பொன் ஓட்டைக் கவரில் வைத்து நீட்டினோம். அவருக்கு வேண்டியது அவருடைய ஓடுதான். அதிகாலையில் எழுந்து மார்க்கெட்டில் உதிரிப்பூ எடுத்து, விரல் நோகத் தொடுத்து, நாலு தெரு நடந்து சம்பாதிக்கிற காசு. அதில் அவருடைய மானம் இருக்கிறது. எங்கள் ஆயிரம் ரூபாயில் எங்கள் பெருமைதான் இருந்தது. விசாரம் இல்லாத பரோபகாரம் என்று சொன்னேனே, அது இதுதான். அவருக்கு என்ன வேண்டும் என்று அவரையே கேட்க எங்கள் எட்டுப் பேருக்கும் தோன்றவில்லை!

இப்போது நாங்கள் கேட்கும் கேள்விகள்

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அந்த அம்மாவையே தாழ்வாரத்துக்கு வரச்சொன்னோம். எங்களோடு உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டார். முதலில் பேசக் கூச்சப்பட்டார். பிறகு அவர் சொன்னதுதான் அன்றைய பாடம். பூ குப்பைக்குப் போவது அவருக்கும் கஷ்டமாம். நைலான் நூலில் தொடுத்து பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுப்பது, வாங்குகிறவர்கள் கேட்பதால்தானாம். வாழைநாரில் கட்டி வாழையிலையில் மடித்துக் கொடுத்தால் வேண்டாம் என்பீர்களா என்று எங்களையே கேட்டார்!

இப்போது எங்கள் எட்டு வீட்டிலும் தினம் ஒரு முழம். வாழைநாரில் கட்டி, இலையில் மடித்து வருகிறது. காய்ந்த பூ மாடித் தொட்டிக்கு உரமாகிறது. வெள்ளிக்கிழமை பெரியநாயகி அம்மனுக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து கொடுக்கும் மாலையும் அவர் தொடுத்ததுதான். சுவாமிக்கும் குறையில்லை. மதகுக்கும் பாரமில்லை.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால், நாங்கள் பூவை நிறுத்தியிருந்த அந்த இரண்டு மாதத்தில் அவர் தண்டலுக்குக் கடன் வாங்கியிருந்தார். தினமும் வட்டியோடு கட்டி முடிக்க அவருக்கு வெகுநாள் பிடித்தது. அதற்கும் எங்களிடம் உதவி வாங்கிக்கொள்ளவில்லை. எங்கள் எளிமைக்கு வட்டி கட்டியவர் அவர். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கூசுகிறது.

பிளாஸ்டிக் பை செய்கிறவரைப் பற்றி ஒருவர் கேட்டாரே, அந்தக் கேள்வி இன்னும் எங்களிடையே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எல்லோருடைய பிழைப்புக்காகவும் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டே இருக்க முடியாது. அது நிஜம். மண்ணையும் தண்ணீரையும் கெடுப்பதை நிறுத்தித்தான் ஆக வேண்டும். கெட்டுப்போன தண்ணீரும் முதலில் ஏழை வீட்டுக்குள்தான் நுழைகிறது. ஆனால், நிறுத்துவதிலும் ஒரு முறை உண்டு. பிழைப்பை இழக்கப் போகிறவர் யார் என்று பார்த்து, அவரிடம் முன்கூட்டியே சொல்லி, வேறு வழி தேடக் கொஞ்சம் அவகாசம் கொடுத்து நிறுத்துவது ஒன்று. 'நான் விட்டுவிட்டேன்' என்று ஒரே நாளில் கதவைச் சாத்துவது இன்னொன்று. முன்னதில்தான் கருணை இருக்கிறது.

அதனால், எதையாவது குறைக்க வேண்டும் என்று தோன்றினால் இப்போதெல்லாம் மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறோம்.

நான் வாங்குகிற இந்தப் பொருள் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது? மதகுக்கா, மண்ணுக்கா?

நான் கொடுக்கிற காசு எங்கே போய்ச் சேர்கிறது? உழைத்த ஒரு கைக்கு நேராகப் போகிறதா?

இதைக் குறைத்தால் மிச்சமாவது யாருடைய அடுப்புக்குப் போகும்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், அந்த வாரம் அதைக் 'குறைத்த' கணக்கில் நாங்கள் சேர்ப்பதில்லை. மிச்சமாகும் ரூபாய்க்கு ஒரு டப்பா வைத்திருக்கிறோம். பூசத்துக்குப் பூசம் அது அரிசியாக வடலூருக்குப் போகிறது. அணையாத அந்த அடுப்பில் எங்கள் பிடி அரிசியும் வேகிறது.

சகோதரிகளே, உங்கள் தெருவிலும் ஆறேழு பேர் இருப்பீர்கள். கோயில் பிராகாரமோ, யார் வீட்டுத் தாழ்வாரமோ போதும். வாரம் ஒரு மணி நேரம் கூடிப் பேசிப் பாருங்கள். தனியாக இருந்தால் நம் வீட்டுக் குப்பை நம் கண்ணுக்குத் தெரியாது. நாலு பேர் நடுவில் உட்கார்ந்தால் தெரியும். ஒன்றே ஒன்று மட்டும் மறக்காதீர்கள். உங்கள் முடிவால் யாருடைய கை காலியாகுமோ, அவருக்கும் அங்கே ஓர் இடம் போட்டு வையுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் "அம்மா, பூ!" என்று குரல் கேட்கிறது. போய் வாங்கிக்கொண்டு வருகிறேன். இன்றைக்குக் கதம்பமாம்!